1994-ல் ஆல்ஃபா ரோமியோ ஏமாற்றித்தான் ஜெயித்ததா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1994 பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் ஆல்ஃபா ரோமியோ 155 விதிக்குப் புறம்பான ஒரு விங்கை (காரின் பின்பக்கம் இறக்கைபோல் நிற்கும் பலகை) வைத்துக்கொண்டு ஜெயித்தது, அதனால் அதை ஓட்டிய கேப்ரியலே தார்க்வினியின் பட்டம் செல்லாத பட்டம் என்று உங்கள் நண்பர் சொல்கிறார். அது சரியா என்று கேட்கிறீர்கள். அதே சீசனில் வால்வோ ஒரு எஸ்டேட் காரை (பின்பக்கம் பெட்டிபோல் நீண்ட குடும்பக் கார்) ரேஸில் ஓட்டியது வெறும் விளம்பரத்துக்கா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கார் விதியை மீறியதா என்பது ஒன்று. அந்த விங் இல்லாமல் இருந்தாலும் ஜெயித்திருக்குமா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் 30 வருஷமாக இந்தச் சண்டை முடியவில்லை. முதலாவதற்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதற்கு என்னிடம் இருப்பது ஒரு கணிப்பு.

தென்னிந்திய டிராக்குகளில் 16 வருஷம் ஸ்க்ரூட்டினி பார்த்தவன் நான். ரேஸுக்கு முன்னும் பின்னும் காரை எடை போட்டு, அளவெடுத்து, அதன் காகிதத்தோடு ஒப்பிட்டு, "ஓடலாம்" அல்லது "ஓடக்கூடாது" என்று எழுதித் தருகிற வேலை. 1994-ல் நான் இங்கிலாந்தில் இல்லை. அந்த ரேஸ்களை மர்ரே வாக்கரின் வர்ணனையோடு பிபிசி ஒளிபரப்பிய பதிவுகளில் பிற்பாடு பார்த்தவன்தான். ஆகவே விதியைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கார் எவ்வளவு வேகம் என்று சொல்வதை ஒரு ரசிகனின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து விதி என்ன என்று தெரியாமல் இந்த விவகாரம் புரியாது. 1991-லிருந்து பிரிட்டனில் ஒரே ஒரு பிரிவுதான்: 2 லிட்டர் எஞ்சின், டர்போ கூடாது, 8,500 ஆர்பிஎம்முக்கு மேல் சுழலக்கூடாது. பிற்பாடு 'சூப்பர் டூரிங்' என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய விதி இதுதான். எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் நிறைய வேலை செய்துகொள்ளலாம். ஆனால் வெளித்தோற்றத்தில் கை வைக்கக்கூடாது. தெருவில் ஓடுகிற காருக்கு என்ன பம்பரோ, என்ன டிக்கியோ, அதுதான் ரேஸ் காருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு, தன் வீட்டு வாசலில் நிற்கிற அதே கார் முன்னால் சீறிப்போவதுபோல் இருக்க வேண்டும். கம்பெனிகள் பணம் கொட்டியது அதற்காகத்தான். 1994-ல் ஆல்ஃபா ரோமியோ, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, மாஸ்டா, நிஸ்ஸான், பெஜோ, ரெனோ, டொயோட்டா, வாக்ஸ்ஹால், வால்வோ என்று 10 தயாரிப்பாளர்களின் கார்கள் களத்தில் நின்றன. ஒரு தேசிய அளவிலான போட்டிக்கு இது மிகப் பெரிய கூட்டம்.

வெளித்தோற்றத்தை யார் தீர்மானிப்பது? அதற்குத்தான் ஹோமோலொகேஷன் என்கிற அங்கீகார முறை. இந்த மாடலை இந்த வடிவத்தில் 2,500 கார் செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர் காட்ட வேண்டும். அதைப் பார்த்து, படங்களும் அளவுகளும் கொண்ட ஒரு படிவம் அந்தக் காருக்குப் பதிவாகும். ஸ்க்ரூட்டினியில் எங்கள் கையில் இருக்கிற வேதம் அந்தப் படிவம்தான். கார் நன்றாக இருக்கிறதா, பார்க்க அசிங்கமாக இருக்கிறதா, பக்கத்து டீமுக்கு வயிற்றெரிச்சலா என்பதெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். படிவத்தில் இருப்பது காரில் இருக்க வேண்டும், படிவத்தில் இல்லாதது காரில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஆல்ஃபாவின் ரேஸ் பிரிவான ஆல்ஃபா கோர்ஸே இந்த வாக்கியத்தை மற்ற எல்லாரையும்விடக் கவனமாகப் படித்தது. 155-ல் ஒரு சிறப்புப் பதிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் அதற்கு 'சில்வர்ஸ்டோன்' என்று பெயர். அந்தக் காரின் டிக்கி மேல் ஒரு பின்புற விங் இருந்தது, முன் பம்பருக்குக் கீழே ஒரு ஸ்ப்ளிட்டர் பலகை இருந்தது. ஷோரூமில் பார்த்தால் இரண்டும் அடக்கமாகத்தான் தெரியும். விஷயம் டிக்கிக்குள் இருந்தது. விங்கை உயர்த்தி வைக்கிற துண்டுகள் காரோடு சேர்த்தே கொடுக்கப்பட்டன. வாங்கியவர் விரும்பினால் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துண்டுகளை நடுவில் வைத்து முடுக்கிக்கொள்ளலாம். உடனே விங் டிக்கியை விட்டு எழும்பி, காற்று தடையில்லாமல் வருகிற உயரத்துக்குப் போய்விடும். முன் ஸ்ப்ளிட்டரும் அதே மாதிரி: ஒரு நிலையில் பம்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு நிலையில் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ரேஸ் கார்கள் இரண்டையும் நீட்டிய நிலையில் வைத்துக்கொண்டு வந்தன. மற்ற கார்களின் டிக்கி மேல் சொல்லும்படியாக எதுவும் இல்லாத நேரம் அது.

இதனால் என்ன லாபம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் விங் என்றால் காரை வேகமாக ஓட்டுகிற பொருள் என்று நினைக்கிறார்கள். நேர்ப்பாதையில் விங் ஒரு பாரம், காற்றை எதிர்த்து இழுக்கும். அதன் உபயோகம் திருப்பத்தில்தான். சாதாரண செடான் கார் வேகம் கூடும்போது கொஞ்சம் மேலே தூக்கப்படும், டயர் தரையைப் பிடிக்கிற பிடி குறையும். ஸ்ப்ளிட்டரும் விங்கும் அந்தத் தூக்கலை அடக்கி, காரைக் கீழே அழுத்தும். இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு 200-ல் கிடைக்கும். ஆகவே ஊசி வளைவில் எந்த வித்தியாசமும் தெரியாது, வேகமான நீள வளைவில் நன்றாகத் தெரியும். 155 முன்சக்கர இழுவைக் கார். அதன் டிசைனர்கள் கார் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்தை வழுக்கலாகவே செட் செய்வார்கள். அப்படி வழுக்குகிற பின்பக்கத்தை வேக வளைவில் ஒரு விங் அமுக்கிப் பிடித்துக்கொண்டால், டிரைவர் தைரியமாக ஆக்ஸிலரேட்டரை விடாமல் போகலாம். என் கணிப்பில் அந்த விங் கொடுத்த பெரிய லாபம் அந்தத் தைரியம்தான்.

முதல் ரேஸ் ஏப்ரல் 4, ஈஸ்டர் திங்கள், த்ரக்ஸ்டனில் நடந்தது. பிரிட்டனிலேயே மிக வேகமான டிராக் அது. இரண்டாம் உலகப்போர் கால விமானத்தளத்தின் ஓரப்பாதையில் உருவானது. (நம் சோழவரமும் அப்படிப் போர்க்கால ஓடுபாதையில் பிறந்ததுதான். விமான ஓடுபாதையில் ரேஸ் பார்த்தவர்களுக்கு, தட்டையான தரையில் காற்று எப்படி அடிக்கும் என்பது தெரியும்.) விங் வைத்த கார் தன் பலத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தார்க்வினி ஜெயித்தார். அதற்கப்புறம் பிராண்ட்ஸ் ஹாட்சில் இரண்டு, ஸ்னெட்டர்டனில் ஒன்று, சில்வர்ஸ்டோனில் ஒன்று. சீசனின் முதல் 5 ரேஸும் அவருக்கே.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. ஃபோர்டும் வாக்ஸ்ஹாலும் முன்னணியில் நின்றன. அவர்கள் வாதம் இது: படிவத்தில் அந்தத் துண்டுகள் இருக்கலாம், ஆனால் ஷோரூமிலிருந்து வெளியே போகிற காரில் அவை பொருத்தப்பட்டிருக்கவில்லையே, டிக்கியில்தானே கிடக்கின்றன? கார் விற்கப்பட்ட வடிவம் மடக்கிய நிலைதான், நீட்டிய நிலை அல்ல. ஆல்ஃபாவின் வாதம்: நாங்கள் கொடுத்த படிவத்தில் நீட்டிய நிலையும் இருக்கிறது, உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, துண்டுகள் காரோடு சேர்ந்தே விற்கப்படுகின்றன, பிறகென்ன? மே மாத இறுதியில் ஓல்டன் பார்க்கில் விவகாரம் வெடித்தது. விங்கையும் ஸ்ப்ளிட்டரையும் மடக்கிய நிலையில் வைத்து ஓடச் சொன்னார்கள் போட்டியை நடத்துகிறவர்கள். ஆல்ஃபா மறுத்துவிட்டது. ரேஸில் கலந்துகொள்ளாமல் லாரியில் கார்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாம்பியன்ஷிப்பில் முதலிடத்தில் இருக்கிற டீம், ரேஸ் நாளில் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகிற காட்சி எந்த ஊர்ப் போட்டியிலும் எளிதில் பார்க்கக் கிடைக்காது.

பிறகு சமரசம் வந்தது. ஜூலை 1 வரை நீட்டிய நிலையில் ஓடலாம், அதற்கப்புறம் மடக்க வேண்டும். மற்றவர்களும் வேண்டுமானால் தங்கள் கார்களுக்கு இப்படி ஒரு பதிப்பைச் செய்து அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் பறிக்கப்பட்ட சில புள்ளிகளும் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தன, தார்க்வினியின் முதல் 5 வெற்றிகளும் கணக்கில் நின்றன. இங்கேதான் உங்கள் நண்பருக்கான பதில் இருக்கிறது. விதியை மீறிய கார் என்றால் பறித்ததைத் திருப்பித் தரமாட்டார்கள். அதற்கு இடையில் ஒரு தேதி குறித்து, "அதுவரை ஓட்டிக்கொள், பிறகு மடக்கு" என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னார்கள் என்றால், தவறு காரில் இல்லை, விதி எழுதிய விதத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள் என்று பொருள்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே சாம்பியன்ஷிப்பில் ஒரு முன்கதை இருக்கிறது. நண்பரிடம் அதைச் சொல்லுங்கள். 1983-ல் ஸ்டீவ் சோப்பர் ரோவர் வைட்டெஸ்ஸில் டிராக்கில் பட்டத்தை ஜெயித்தார். பிற்பாடு அந்த ரோவர் கார்கள் அங்கீகார விவரங்களுக்குப் பொருந்தவில்லை என்று முடிவாகி, பட்டம் அவர் கையை விட்டுப் போனது. யாருக்குப் போனது தெரியுமா? ஆண்டி ரௌஸுக்கு. அவர் அந்த ஆண்டு ஓட்டியது ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6. அந்த ரோவர்களைத் தயாரித்து ஓட்டியது டாம் வாக்கின்ஷாவின் டிடபிள்யூஆர் நிறுவனம். 11 வருஷம் கழித்து 1994-ல் பாருங்கள்: அதே ரௌஸ் ஃபோர்டு மாண்டியோ கார்களை நடத்துகிறார், அவர் பக்கம் ஆல்ஃபாவை எதிர்க்கிறது. அதே வாக்கின்ஷா வால்வோவை நடத்துகிறார். அதே சோப்பர் பிஎம்டபிள்யூவில் ஓட்டுகிறார். பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, நிற்கிற பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் இரண்டு வழக்குகளும் வேறு வேறு. 1983-ல் காகிதம் ஒன்று, கார் வேறு. 1994-ல் காரும் காகிதமும் பொருந்தின, அந்தக் காகிதமே சரியா என்பதுதான் சண்டை. ஸ்க்ரூட்டினி பார்க்கிறவனுக்கு முதலாவது குற்றம். இரண்டாவது, விதி எழுதுகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தபால்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, என் கையாலேயே இதே மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறேன். ஒரு கிளப் போட்டி. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சின்ன டீம், ஒரே கார், இரண்டு மெக்கானிக். டிக்கி மேல் சின்னதாக ஒரு ஸ்பாய்லர். எங்கள் விதியில் 'நிறுவனம் விற்ற நிலையில் உள்ள வெளித்தோற்றம்' என்று இருந்தது. "தம்பி, இது இந்த மாடல்ல வராதே" என்றேன். டீமை நடத்துகிற பையன் பாலித்தீன் கவருக்குள்ளிருந்து ஒரு பில்லை எடுத்தான். "சார், ஷோரூம்ல போட்டுக் கொடுத்ததுங்க. பில்லுலயே இருக்குதுங்க, பாருங்க" என்றான். உண்மைதான். கார் விலைக்குக் கீழே, சீட் கவருக்கும் ஃப்ளோர் மேட்டுக்கும் நடுவில், ரியர் ஸ்பாய்லர் என்று ஒரு வரி, விலையோடு. கார் தொழிற்சாலையில் அது இல்லை, ஆனால் காரை விற்ற கடையில் இருந்தது. விற்ற நிலை என்றால் எந்த நிலை? நான் நாலு தடவை விதியைப் படித்தேன். கடைசியில் கழற்றச் சொன்னேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, நாலு போல்ட்டைக் கழற்றினான், ஓட்டைகளின் மேல் வெள்ளை டேப்பை ஒட்டினான், ஓடினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் எதையும் மறைக்கவில்லை, பில்லை எடுத்துக் காட்டியவன். நான் கழற்றச் சொன்னது விதியில் இருந்ததால் அல்ல, விதி எழுதியவர்கள் இதைத்தான் நினைத்திருப்பார்கள் என்று நானாக ஊகித்ததால். அடுத்த வருஷ விதியில் 'டீலர் பொருத்தும் உபரிப் பாகங்கள் சேராது' என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி முந்தின வருஷமே இருந்திருந்தால் அந்தப் பையன் அந்த ஸ்பாய்லரை வாங்கியிருக்கமாட்டான். ஆல்ஃபாவைத் திருடன் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த பாலித்தீன் கவர்தான் ஞாபகம் வரும்.

நியாயத்துக்காக எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். விதியின் எழுத்து ஆல்ஃபா பக்கம் இருந்தது, விதியின் நோக்கம் இல்லை. தெருவில் ஓடுகிற கார்தான் ரேஸிலும் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். எந்த 155 சொந்தக்காரரும் ஆபீஸுக்குப் போக அந்தத் துண்டுகளை எடுத்து மாட்டியிருக்கமாட்டார். ஃபோர்டும் வாக்ஸ்ஹாலும் கோபப்பட்டதில் அர்த்தம் இருந்தது. அவர்கள் விதியை நம்பி விங் இல்லாத கார் செய்தார்கள், கோடிக்கணக்கில் செலவழித்தார்கள். அவர்களை நான் அழுகிறவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'நேர்மையான விளையாட்டு இல்லை' என்பதற்கும் 'ஏமாற்று' என்பதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. ஆல்ஃபா நின்றது அந்த இடைவெளியில்தான்.

இனி இரண்டாவது கேள்வி: விங் இல்லாவிட்டால் தார்க்வினி சாம்பியன் ஆகியிருப்பாரா? இங்கே நிச்சயமாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். 21 ரேஸ் கொண்ட சீசனில் அவர் 8 ஜெயித்தார், அதில் 5 தொடக்கத்திலேயே வந்தவை. ஓல்டன் பார்க்கில் ஒரு ரேஸை முழுசாக விட்டார். ஸ்காட்லாந்தின் நாக்ஹில்லில் அவர் கார் உருண்டது. இத்தனைக்கும் பிறகு அவர்தான் சாம்பியன், ரெனோ லகுனாவில் ஓட்டிய அலான் மென்யூ இரண்டாவது, ஃபோர்டு மாண்டியோவில் ஓட்டிய பால் ராடிசிச் மூன்றாவது. முந்தின ஆண்டு சாம்பியன் யோவாகிம் விங்கல்ஹாக்கின் பிஎம்டபிள்யூ, பின்சக்கர இழுவை என்பதற்காகக் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு சீசனைத் தொடங்கியது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆக முதல் பாதியில் பலமான எதிராளி ஒருவர் கை கட்டப்பட்ட நிலையில் இருந்தார்.

விங்தான் எல்லாம் என்பவர்கள் 1995-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு எல்லாக் கார்களுக்கும் ஓர் அளவுக்குள் விங்கும் ஸ்ப்ளிட்டரும் அனுமதித்தார்கள். ஆல்ஃபா பின்னுக்குப் போய்விட்டது, டெரெக் வார்விக் போன்ற அனுபவசாலி ஓட்டியும் ஒன்றும் நடக்கவில்லை, சீசன் முடிந்ததும் பிரிட்டனை விட்டே போய்விட்டார்கள். வாக்ஸ்ஹாலில் ஜான் கிளீலண்ட் பட்டம் ஜெயித்தார். இது பலமான சாட்சிபோலத் தெரியும். ஆனால் 1995-ல் பிரிட்டனில் அந்தக் கார்களை நடத்தியது ஆல்ஃபா கோர்ஸே இல்லை, டீம் மாறிவிட்டது, டிரைவர் வரிசையும் மாறிவிட்டது. மூன்று விஷயம் ஒரே நேரத்தில் மாறும்போது எதனால் தோற்றார்கள் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. இன்னொரு பக்கம், 1994-லேயே இத்தாலியில் இதே வகைக் கார்களுக்கான போட்டியில் ஆல்ஃபா சொந்த மண்ணில் பட்டம் வாங்கவில்லை, ஆடி 80 குவாட்ரோவில் எமானுவேலே பிர்ரோ ஜெயித்தார். நான்கு சக்கர இழுவை வந்தபோது ஆல்ஃபாவின் கார் அசைக்க முடியாத காராக இல்லை. பிரிட்டனில் 1994-ல் ஆடி இல்லை. 1996-ல் வந்தது, ஃபிராங்க் பீலா வந்த வருஷமே பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதே 1994-ன் கடைசியில் டானிங்டன் பார்க்கில் நடந்த உலகக் கோப்பை டூரிங் கார் ரேஸில் ராடிசிச்தான் மாண்டியோவில் ஜெயித்தார், 1993-க்குப் பிறகு தொடர்ந்து இரண்டாம் முறை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு இப்படி: விங் இல்லாவிட்டால் முதல் 5 ரேஸும் வரிசையாக வந்திருக்காது. 2 அல்லது 3 வந்திருக்கும். பட்டத்துக்கான போட்டி கடைசிவரை இழுத்திருக்கும். ஆனாலும் யார் ஜெயித்திருப்பார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் தார்க்வினி பேரைத்தான் சொல்வேன். காரணம், விங்கைத் தவிர அந்த டீமில் இன்னொன்று இருந்தது: தயாரிப்பு. ஆல்ஃபா கோர்ஸே முந்தின வருஷம்தான் ஜெர்மனியின் டிடிஎம் போட்டியில் நிக்கோலா லாரினியை சாம்பியன் ஆக்கிவிட்டு வந்திருந்தது. மற்ற டீம்கள் மார்ச் மாதம் காரைச் செட் செய்துகொண்டிருந்தபோது இவர்கள் பழைய கைகளோடு, முழுசாகத் தயாரான காரோடு வந்து இறங்கினார்கள். சீசன் தொடக்கத்தில் ஆயத்தமாக இருக்கிற டீமும் விங் வைத்திருக்கிற டீமும் ஒன்றாகவே இருந்ததால், எது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. நான் இங்கே தவறாகவும் இருக்கலாம்.

வால்வோ பற்றி. யான் லாமர்ஸும் ரிக்கார்ட் ரிடெலும் ஓட்டிய 850 எஸ்டேட், 5 சிலிண்டர் எஞ்சின், குடும்பத்தையும் சாமானையும் ஏற்றுகிற நீளமான பெட்டி உடம்பு. லாமர்ஸ் சாதாரண ஆள் இல்லை, 1988-ல் லே மான் 24 மணி நேர ரேஸை ஜாகுவாரில் ஜெயித்தவர். விளம்பரம் ஒரு பெரிய காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. வால்வோ என்றாலே சலிப்பான பெட்டிக் கார் என்ற பேரை உடைக்க அவர்கள் அந்தப் பெட்டியையே ரேஸில் விட்டார்கள். ஒருமுறை அணிவகுப்புச் சுற்றில் பின்பக்கத்தில் பெரிய பொம்மை நாயை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் விளம்பரம் மட்டும் என்று சொல்லக்கூடாது. காற்றுச் சுரங்கச் சோதனையில் எஸ்டேட்டின் நீண்ட கூரை செடானைவிட மோசமில்லை, சற்று நல்லதே என்று டீம் தரப்பில் சொன்னார்கள். விங் இல்லாத உலகத்தில் அது நம்பக்கூடிய பேச்சுதான். கூரை பின்கோடி வரை நேராகப் போகிற காரில் காற்று பிரிகிற இடம் வேறு, பின்பக்கம் தூக்கப்படுவது குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பின்னால் கண்ணாடியும் இரும்பும் கூடுதல், அந்த எடை உயரத்தில் இருக்கிறது, அது திருப்பத்தில் வலிக்கும். சீசன் முழுக்க அந்தக் கார்கள் ஒரு தடவைகூட மேடை ஏறவில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு கதைகளும் ஒன்று சேர்கின்றன. ஆல்ஃபாவின் டிக்கியில் கிடந்த துண்டுகளால் 1995-ல் எல்லாருக்கும் விங் வந்தது. செடானில் விங்கை டிக்கி மேல் வைக்கலாம். எஸ்டேட்டில் எங்கே வைப்பது? கூரைக்கு மேலே தூக்க விதி இடம் தரவில்லை. எஸ்டேட்டின் காலம் ஒரே வருஷத்தில் முடிந்தது. ரிடெல் 850 செடானுக்கு மாறினார், வெற்றிகள் வந்தன, அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பில் மூன்றாவது. 1998-ல் எஸ்40-ல் சாம்பியனே ஆனார். அந்த எஸ்டேட் வருஷத்தில் டிடபிள்யூஆர் கற்றுக்கொண்டது வீண் போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

விங் எல்லாருக்கும் வந்ததில் இன்னொரு விளைவும் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். காற்று வேலை என்பது காற்றுச் சுரங்க வேலை, காற்றுச் சுரங்கம் என்றால் பணம். வருஷா வருஷம் செலவு ஏறியது, கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1994-ல் 10 தயாரிப்பாளர் நின்ற இடத்தில் 2000-ல் ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் என்று 3 பேர்தான் மிச்சம். அந்த வருஷத்தோடு சூப்பர் டூரிங் விதியே பிரிட்டனில் முடிந்தது. எல்லாப் பழியையும் ஒரு விங் மேல் போடமாட்டேன், எஞ்சினுக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் கொட்டிய பணமும் பெரிது. ஆனால் கதவு திறந்தது அங்கேதான்.

தார்க்வினியைப் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் நண்பர் அவரையும் சேர்த்துத்தான் குறை சொல்கிறார். ஃபார்முலா 1-ல் அவருக்கு ஒரு வேதனையான சாதனை உண்டு: 40 தடவை தகுதிச் சுற்றைத் தாண்டி ரேஸுக்குள் நுழைய முடியாமல் போனவர், இதில் அவரைவிட அதிகம் யாருக்கும் இல்லை. உருப்படாத சின்ன டீம்களின் கார்களை காலை நேரத் தகுதிச் சுற்றில் உயிரைக் கொடுத்து ஓட்டிப் பழகியவர். ஒரே லேப்பில் காரிலிருந்து எல்லாவற்றையும் பிழிந்தெடுக்கிற அந்தப் பழக்கம் 1994-ல் நல்ல கார் கையில் கிடைத்ததும் வெளியே வந்தது. அது ஒரு விங்கின் தயவு என்றால் 2009-ல் 47 வயதில் உலக டூரிங் கார் பட்டத்தையும், 2018-ல் 56 வயதில் அதன் வாரிசான உலகக் கோப்பையையும் அவர் ஜெயித்திருக்க முடியாது. அந்தப் போட்டிகளில் விங் அவருக்கு மட்டும் கிடைத்த சலுகை இல்லை.

பழைய ரேஸ் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நண்பரோடு உட்கார்ந்து ஏப்ரல் மாத த்ரக்ஸ்டனையும், ஜூலை 1-க்குப் பிறகு நடந்த ஏதாவது ஒரு ரேஸையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சிவப்பு 155 கேமராவுக்கு முதுகைக் காட்டிப் போகும்போது படத்தை நிறுத்தி, டிக்கிக்கும் விங்குக்கும் நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு காரின் பின்பக்கம் வேக வளைவில் என்ன செய்கிறது, தார்க்வினியின் கைகள் ஸ்டியரிங்கில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பாருங்கள். நான் இங்கே கணிப்பு என்று சொன்னதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி பட்டால் கீழே எழுதுங்கள், நானும் அந்த லேப்பைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.